கோயிலுக்குப் போகிறவள் ஜாமீன் போட வேண்டுமா?

கேள்வி (கடலூர் புதுநகரிலிருந்து ஒரு சகோதரி, ஏப்ரல் 13, 2025, குருத்து ஞாயிறு)

இன்றைக்குப் பூசையில் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வாசகம். தன் நலத்தைத் தள்ளிவிட்டுப் பிறர் நலத்தை முன்னே வைக்கிறவர்தான் கிறிஸ்தவர், மற்றவரெல்லாம் பேருக்குக் கிறிஸ்தவர் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. என் கொழுந்தனார் ஒரு கடனுக்கு என்னை ஜாமீன் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். முன்னே வாங்கிய கடனையே அவர் ஒழுங்காகக் கட்டவில்லை. மாமியார், "கோயிலுக்குப் போறவ, புருஷன் கூடப் பொறந்தவனுக்கு இதைக்கூடச் செய்ய மாட்டியா" என்கிறார். மாட்டேன் என்று சொன்னால் அது விசுவாசக் குறைவா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரல் 13, இரவு

போடாதீர்கள் அம்மா.

சுற்றி வளைக்க வேண்டாம் என்றீர்கள், சொல்லிவிட்டேன். காரணம் நாளைக்கு.

ஏப்ரல் 14, காலை

சித்திரை முதல் நாள். வீடு முழுக்கப் பேரப்பிள்ளைகள். பாயசம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஒரு கூட்டுறவு வங்கியில், கடன் பிரிவு. ஜாமீன் கையெழுத்து நடக்கும் விதம் எனக்கு மனப்பாடம். கடன் வாங்குபவர் இஸ்திரி போட்ட சட்டையில் வருவார், பேனா அவருடையது. ஜாமீன் போடுபவர் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையோடு வருவார். அவர் பெண்ணாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஆண் நின்றுகொண்டு பத்திரத்தில் விரலை வைத்து, "இங்க, இங்க, அடுத்த பக்கத்துல இங்க" என்பார். அந்த விரல் போகிற வேகத்தில் யாராலும் ஒரு வரி படிக்க முடியாது. நான் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, "அம்மா, அவர் கட்டலைன்னா உங்க சம்பளத்துல பிடிப்பாங்க, தெரியுமில்ல?" என்று கேட்பேன். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் விரல்காரர் முந்திக்கொண்டு, "அதெல்லாம் தெரியும் சார், நீங்க வேலையைப் பாருங்க" என்பார்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. முதலில் அவரிடம் கேட்டு, அவர் சொத்தையெல்லாம் தேடிப் பார்த்து, அப்புறம்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. மாதச் சம்பளம் யாரிடம் சுலபமாகப் பிடிக்க முடிகிறதோ அங்கே வருவார்கள். ஆசிரியை என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று பார்த்திருக்கிறேன். ஜாமீன் போட்டவர் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருப்பார். கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்துவது மட்டும் கடன் வாங்கியவராக இருப்பார். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

வேதாகமத்தில் இதற்கு இடமில்லையா என்று மாமியார் கேட்டால் நீதிமொழிகள் 22-ஐத் திறந்து காட்டுங்கள், 26, 27-ஆம் வசனங்கள். அடுத்தவர் கடனுக்குப் பிணை நிற்காதே, கட்ட வழியில்லாமல் போனால் நீ படுத்திருக்கிற படுக்கையையே உருவிக்கொண்டு போவார்கள் என்று இருக்கும். ஆறாம் அதிகாரத்தில் இன்னும் அவசரம்: மாட்டிக்கொண்டாயா, தூங்காதே, வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோல் ஓடிவிடு என்கிறது.

ஏப்ரல் 14, இரவு

பிரசங்கத்தைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று.

குருத்து ஞாயிறு இரண்டாம் வாசகம் பிலிப்பியர் 2-ஆம் அதிகாரத்தில் 6-ஆம் வசனத்தில்தான் ஆரம்பிக்கிறது. பிறர் நலம் பற்றிய பேச்சு அதற்கு முன்னால், 3, 4-ஆம் வசனங்களில். உங்கள் சாமியார் கொஞ்சம் பின்னே போய் எடுத்திருக்கிறார். நல்லதுதான், இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் ஆறாம் வசனம் யாரைப் பற்றிப் பேசுகிறது? கடவுளுக்கு இணையான நிலையில் இருந்தவரைப் பற்றி. அந்த நிலையை அவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, இறங்கினார், அடிமையின் கோலம் எடுத்தார், சிலுவைச் சாவு வரை போனார். மேலே இருந்தவர் தானாக இறங்கிய கதை அது. முன்பே கீழே நிற்கிறவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் குனி என்று சொல்ல அந்த வசனத்தை எடுக்கக் கூடாது.

பவுல் அதை எழுதியது சிறையிலிருந்து. அந்தச் சபையில் எவோதியா, சிந்திக்கே என்று இரண்டு பெண்களுக்குள் ஒத்துப்போகவில்லை, நான்காம் அதிகாரத்தில் பேர் சொல்லியே எழுதுகிறார். இருவரும் அவரோடு நற்செய்திக்காகப் பாடுபட்டவர்கள். சபையில் சொல்லுக்கு மதிப்பு உள்ளவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. கையில் கொஞ்சம் செல்வாக்கு வைத்திருக்கிறவர்களிடம்தான் "அடுத்தவரையும் பார்" என்று சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் இந்த வசனத்தை யார் காதில் போட வேண்டும்? அண்ணியின் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கப் பார்க்கிறவர் காதில்.

ஏப்ரல் 15

முதுநகர் தம்பி ஒருவர் சூடாக எழுதியிருக்கிறார்: "ஐயா, நீங்கள் சொல்வது வங்கிக்காரர் கிறிஸ்தவம். மாக்சிமிலியன் கோல்பே கணக்குப் பார்த்தாரா?"

நல்ல அடி. வாங்கிக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு: 1941, ஆஷ்விட்ஸ் வதைமுகாம். ஒரு கைதி தப்பிவிட்டதாக நினைத்து, அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுச் சாகடிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் என் மனைவி, என் பிள்ளைகள் என்று கதறினார். போலந்துக் குருவானவர் கோல்பே வரிசையை விட்டு முன்னே வந்து, அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். ஆகஸ்டு 14 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள். பிழைத்த அந்த மனிதர் 1982-இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அங்கே இருந்தார்.

தம்பி, அந்த வரிசையில் கோல்பேயை யாரும் முதுகில் கைவைத்துத் தள்ளவில்லை. "நீங்க சாமியார்தானே, முன்னாடி போங்க" என்று பின்னால் நின்றவர் சொல்லியிருந்தால் அதற்குப் பேர் வேறு. ஆண்டவரே யோவான் 10-இல், என் உயிரை என்னிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, நானாகவே கொடுக்கிறேன் என்கிறார். என் அளவுகோல் இதுதான். எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொடுத்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது.

வங்கிக்காரர் புத்தி போகவில்லை, பாருங்கள். கணக்கு என்றுதான் வாயில் வருகிறது.

ஏப்ரல் 15, மாலை

இன்றிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை. விசைப்படகு எதுவும் போகாது. வஞ்சிரத்தில் நடுத்துண்டு யாருக்கு என்ற எங்கள் வீட்டுத் தியாகப் போட்டி இரண்டு மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் போட்டியில் "எனக்கு வால்துண்டுதான் பிடிக்கும்" என்று காலமெல்லாம் சொல்லிவந்தவர் என் மனைவி. போன வருடம் மகள் வீட்டுக்குப் போனபோது கேட்காமலே நடுத்துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். எல்லோரும் பார்த்தோம். யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 16

கடலூரில் என் பழைய நண்பர் ஒருவர் லூத்தரன் சபை. வேதத்தில் என்னைவிட ஆழம். தொலைபேசியில் கூப்பிட்டு, "பிணை நிற்காதேன்னு எழுதிட்டீரே, பிலமோனை மறந்துட்டீரா?" என்றார்.

மறக்கவில்லை, எழுதவில்லை. ஆனால் அவர் கேட்டது சரி. பிலமோன் திருமுகம் ஒரே அதிகாரம், அரை மணியில் இரண்டு தடவை படித்துவிடலாம். ஒனேசிம் என்ற அடிமை எஜமான் பிலமோனிடமிருந்து பிரிந்து பவுலிடம் வந்து சேர்ந்திருக்கிறார். பவுல் அவரைத் திருப்பி அனுப்பும்போது, அவர் உமக்கு ஏதாவது தர வேண்டியிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளும், நானே திருப்பித் தருவேன், இதை என் கையாலேயே எழுதுகிறேன் என்கிறார். சரியான ஜாமீன் பத்திரம். இதைவிடச் சுத்தமாக எந்த வங்கியிலும் எழுத மாட்டார்கள்.

ஆதியாகமத்தில் யூதாவும் உண்டு. பென்யமினுக்கு நான் பிணை என்று தகப்பனிடம் சொல்லிக் கூட்டிப்போகிறார். எகிப்தில் பென்யமின் மாட்டிக்கொண்டதும், பையனை விட்டுவிடுங்கள், அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று நிற்கிறார். முன்னே யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய ஒற்றை வார்த்தைக்கு ஒரு வால் சேர்க்கிறேன். போடலாம், எப்போது என்றால்: முழுத் தொகையும் போனால் போகட்டும், நானே கட்டுகிறேன் என்று படித்துத் தெரிந்து, மனமொப்பி, வீட்டுப் பிள்ளைகள் சாப்பாட்டில் கைவைக்காமல் சொல்ல முடிந்தால். பவுல் அப்படித்தான் போட்டார். அது ஜாமீன் வடிவத்தில் இருக்கிற தானம். "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சும்மா இருக்கிற கையெழுத்து ஒன்றை நான் வேலைக் காலம் முழுக்கப் பார்த்ததில்லை.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். கலாத்தியர் 6-இல், ஒருவர் சுமையை மற்றவர் தாங்குங்கள் என்று இரண்டாம் வசனம் சொல்லும். மூன்றே வசனம் தள்ளி, அவரவர் சுமையை அவரவரே தாங்க வேண்டும் என்று ஐந்தாம் வசனம் சொல்லும். பிரசங்கங்களில் இரண்டாம் வசனம் மட்டும்தான் கேட்டிருக்கிறோம், ஏன் என்றார். நான் சொன்னேன், காணிக்கைத் தட்டு அதற்கு அப்புறம்தானே வருகிறது என்று. சிரித்தார். அவர்கள் கோயிலிலும் தட்டு உண்டு.

ஏப்ரல் 17, பெரிய வியாழன், இரவு

பாதம் கழுவும் சடங்கு முடிந்து, நன்மையை (பூசையில் கொடுக்கிற அப்பத்தை) வேறு பீடத்துக்கு எடுத்துப்போகும் பவனியும் முடிந்து வந்தேன்.

பன்னிரண்டு பேர் பட்டியல் போடுவது எந்தப் பங்கிலும் சின்ன வேலை இல்லை. போன வருடம் உட்கார்ந்தவர் இந்த வருடமும் உட்காரலாமா, எந்தத் தெருவுக்கு எத்தனை பேர். பட்டியலில் பேர் வந்தவர் மூன்று நாள் முன்பிருந்தே பித்தவெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார். சாமியார் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றித் துடைக்கிறார். அழுக்குக் காலை அந்த நாற்காலியில் நான் பார்த்ததே இல்லை. எருசலேம் தெருவில் நடந்து வந்த, ஆண்டவர் கழுவிய சீடர்களின் கால்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பேதுரு மட்டும் காலை நீட்ட மாட்டேன் என்றார். அதற்கு ஆண்டவர், கழுவ விடாவிட்டால் உனக்கு என்னோடு பங்கில்லை என்றார். இந்த இடத்தை நான் அதிகம் யோசித்தது எங்கள் அக்காவால்.

அக்கா எங்களுக்கு மூத்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் தையல் மெஷினில் உட்கார்ந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களை எல்லாம் படிக்கவைத்தார், கடைசியாகச் சாப்பிட்டார், சாப்பிட்டாரா என்பதைப் பார்த்தவரும் இல்லை. கடைசிக் காலத்தில் படுத்துவிட்டபோது அவர் தட்டை என் மனைவி கழுவினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். யாராவது தனக்குச் செய்வதை அவரால் தாங்க முடியவில்லை. கொடுக்கப் பழக்கிய எங்கள் வீடு அவரை வாங்கப் பழக்கவே இல்லை.

அடக்கப் பூசையில் பிரசங்கம் வைத்தவர், தன்னை உருக்கி வெளிச்சம் கொடுத்த மெழுகுவர்த்தி என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. மெழுகுவர்த்தியிடம் யாரும் "போதும்" என்று சொல்வதில்லை, தீர்ந்தால் அடுத்ததை ஏற்றுகிறார்கள். அக்காவிடம் பிறர் நலத்தைப் பற்றிப் பேசிய சாமியார்களும் கன்னியர்களும் நிறையப் பேர். எங்கள் தாய்மாமனுக்கு அப்போது நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புத் தோட்டம் இருந்தது. அவரிடம் போய் யாரும் பிறர் நலம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 18

இன்று பெரிய வெள்ளி. எழுதவில்லை.

ஏப்ரல் 19

திருத்தணி வாசகர் ஒருவருக்குச் சந்தேகம்: "நீங்கள் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் யோசித்து யோசித்துக் கொடுத்தால் கொடுக்கவே மாட்டோமே?"

நான் ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பால் சபையில் இருக்கிறேன். 1833-இல் பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுச் சட்ட மாணவர் நண்பர்களோடு ஆரம்பித்தது. முந்தின வருடம்தான் அங்கே காலரா ஆளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயிருந்தது. அந்தப் பையன்களுக்கு ஏழை வீட்டுக்கு எப்படிப் போவது, எப்படிப் பேசுவது என்று வழிகாட்டியவர் ரோசலி ராண்டு என்ற கன்னியர். அவர் பழக்கிய முறை இன்றும் இருக்கிறது: இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், அவர்கள் வீட்டுக்கு நாம் போக வேண்டும். வரிசையில் நிற்கவைத்துக் கொடுக்கிற வேலை நமக்கில்லை. கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும். கையை உள்ளே விட்டு எடுக்கலாம், எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

இரண்டு பேர் என்பதன் அருமை ஃபெஞ்சல் புயலில்தான் எனக்கு உறைத்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று ஊற்றியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். நகரத்தில் தண்ணீர் வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறக்க, தென்பெண்ணை பாகூர் பக்கமும் கடலூர் பக்கமும் ஊருக்குள் வந்துவிட்டது.

பாகூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு நானும் இன்னொருவரும் அரிசி மூட்டையோடு போனோம். எங்களுக்கு முன்னே வந்தவர்கள் கொடுத்த அரிசி திண்ணையில் அடுக்கியிருந்தது. அந்த அம்மா மரியாதையாக வாங்கிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "அரிசி இருக்கு சார். அடுப்பு தண்ணியில ஊறிப்போச்சு, எதுல பொங்குறது?" என்றார். உள்ளே கொடிக்கயிற்றில் துணி கிளிப் போட்டு ஒரு நோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கிற மகளின் இயற்பியல் ரெக்கார்டு. மை கரைந்து, படம் வரைந்த பக்கமும் எழுதின பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அந்தப் பெண் இட்லித் துணியை நடுவில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் மூட்டையை எங்கே வைப்பது என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்தவர்தான், "உனக்கு என்னம்மா வேணும்?" என்று அவளிடம் கேட்டார். மூன்று ரெக்கார்டு நோட்டு, ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். எல்லாம் சேர்த்து ஒரு அரிசி மூட்டை விலை வராது.

அந்த வாரம் நிவாரணம் என்று வந்து குவிந்த துணி மூட்டைகளைப் பிரித்ததும் நாங்கள்தான். ஒன்றில் டை இருந்தது. வெள்ளத்தில் நின்றவருக்கு டை!

வாசகருக்குப் பதில் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். யோசிக்கச் சொல்வது கையை இழுத்துக்கொள்வதற்காக இல்லை. பிறர் நலம் என்ன என்று நாமே முடிவுசெய்துவிடுகிறோம், பிறரைக் கேட்பதில்லை. கேட்டால் பாதி நேரம் செலவு குறைவு, மீதி நேரம் வேலை அதிகம்.

ஏப்ரல் 19, பின்னிரவு

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின இரவுப் பூசை, பாஸ்கா திருவிழிப்பு, முடிந்து தூக்கம் வரவில்லை, அதனால் இது. நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். லூக்கா 10-இல் கடைசி வரி வரை படியுங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தார், தன் கழுதையில் ஏற்றினார், சாவடியில் ஒரு இரவு பார்த்துக்கொண்டார். மறுநாள் இரண்டு தெனாரியம் காசு கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். போகத்தான் போனார்! பயணத்தை ரத்து செய்யவில்லை. சாவடிக்காரர் தலையில் இலவசமாகக் கட்டவும் இல்லை. செலவு யாருடையது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

தூர் நகர்ப் புனிதர் மார்ட்டினும் மேலாடையைப் பாதியாகத்தான் வெட்டினார். ஒரு பாதி பிச்சைக்காரருக்கு, மறுபாதியோடு அவர் குதிரை ஏறினார். முழுசையும் கொடுத்திருந்தால் அந்தக் குளிரில் நடுங்குகிற ஆள்தான் மாறியிருப்பார்.

ஏப்ரல் 21

போப்பாண்டவர் பிரான்சிஸ் இன்று காலை போய்விட்டார். நேற்று உயிர்ப்புப் பெருவிழா ஆசீர் கொடுத்தாரே, அதற்குள். வியாழக்கிழமைதான் ரோம் சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்த்தார், இந்த வருடம் கால் கழுவ முடியவில்லை என்று அவர்களிடம் சொன்னார். போப்பான புதிதில் 2013-இல் இளங்குற்றவாளிகள் சிறையில் போய்க் கழுவியபோது பெண்களும் முஸ்லிம்களும் அதில் இருந்தார்கள். அந்தக் கால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவ மூன்று நாள் அவகாசம் கிடைத்திருக்காது.

ஏப்ரல் 24

கேள்வி கேட்ட சகோதரியிடமிருந்து செய்தி. அவர் அனுமதியோடு போடுகிறேன்:

"போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் ஐயா. சொன்னது கொழுந்தனாரிடம், மாமியார் முன்னாலேயே. பையனுக்கு இந்த வருடப் பள்ளிக்கூடப் பணத்தை நான் நேராகப் பள்ளியில் கட்டிவிடுகிறேன், திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னேன். கொழுந்தனார் பதில் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி ராத்திரி சமையல்கட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமும் ஏதோ நகைக்குக் கேட்டிருக்கிறாராம். மாமியார் பேசுவதில்லை. காபி மட்டும் வருகிறது."

காபி வருகிறது என்றால் பாதி வழக்கு முடிந்தது என்று அர்த்தம். சர்க்கரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பள்ளிக்கூடப் பணம் உங்கள் யோசனை, என்னுடையது இல்லை. இவ்வளவு எழுதிய எனக்கு அது தோன்றவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில், எட்டாம் அதிகாரத்தில், மற்றவர் கஷ்டத்தைத் தீர்க்க நீங்கள் கஷ்டப்பட வேண்டும் என்பதில்லை, எல்லோருக்கும் சமநிலை வர வேண்டும் என்கிறார். எருசலேம் ஏழைகளுக்குக் காணிக்கை கேட்டுக்கொண்டே அதையும் சொல்கிறார். உங்கள் ஓரகத்தி விஷயத்தை விடாதீர்கள். இந்த வீட்டில் கேட்க வேண்டிய ஆள் இன்னொருவர் இருக்கிறார் போலிருக்கிறது.

ஏப்ரல் 25

முதுநகர் தம்பி மறுபடி. இந்தத் தடவை சூடு இல்லை. "நீங்கள் வீட்டையே பேசுகிறீர்கள். கோயில் எப்படி?"

கோயிலா? பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் வருடக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். அப்போது புதுச்சேரியில் இருந்த சம்பா கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். (இன்று நாம் பார்க்கிற கட்டடம் 1791-இல் முடிந்தது, இது அதற்கு முந்தினது.) சுவருக்கு ஒரு பக்கம் தாழ்த்தப்பட்டவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். ஒரே பலிபீடம், ஒரே நன்மை. நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களை ஏன் பிரிக்கிறீர்கள் என்று அவர்களே போய்ப் பெரிய சாமியாரிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் சுவர் இடிந்தது. அவர்கள் கேட்கிறவரை, பிலிப்பியர் வாசகத்தை வருடா வருடம் சுவரின் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும்.

சுவருக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்டவரிடம் போய்த் தாழ்மையைப் பற்றி என்ன பிரசங்கம் வைப்பது? விட்டுக்கொடுக்க வேண்டியது மறுபக்கத்தில் இருந்தது. நம் ஊர்க் கல்லறைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, தம்பிக்கே தெரியும்.

ஏப்ரல் 27

இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள்: "ஏற்கெனவே ஜாமீன் போட்டாயிற்று, இப்போது விலக முடியுமா?" பொதுவில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு கடன், பணமும் கொடுத்தாயிற்று என்றால் நீங்களாக விலக முடியாது. கடன் கொடுத்தவர் ஒப்புக்கொண்டு வேறு ஜாமீன்தாரரை ஏற்றுக்கொண்டால்தான் உண்டு. தொடர்ந்து எடுக்கிற வகைக் கடனுக்கு, அதாவது எடுப்பது, கட்டுவது, மறுபடி எடுப்பது என்று போகிற கணக்குக்கு ஜாமீன் போட்டிருந்தால், அதே ஒப்பந்தச் சட்டம் பிரிவு 130-இன்படி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து இனிமேல் எடுப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம், பத்திரத்தில் அதற்குத் தடை எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை எடுத்ததற்குப் பொறுப்பு போகாது. நீங்கள் கட்ட நேர்ந்தால், கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடம் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, அது பிரிவு 145. ரசீது ஒவ்வொன்றையும் பத்திரமாக வையுங்கள். பத்திர நகல் கையில் இல்லாதவர்கள் நாளைக்கே போய்க் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், எழுதினதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் எங்கள் சபை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் சேர்க்கும். கொடுக்கிறவர்கள் கோடு போட்டதா போடாததா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். டை வேண்டாம்.